கையைக் கண்டாலே பதறும் கிளி: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்க லவ்பேர்ட், கான்யூர் போன்ற சிறிய, நடுத்தரக் கிளி வகைகளுக்கான வழிமுறை இது. ஃபின்ச், கேனரி வளர்ப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அவை கையில் வந்து உட்கார வேண்டிய பறவைகள் அல்ல. ஆள் பக்கத்தில் வந்தால் பதறாமல் இருந்தாலே போதும்.

உங்கள் பறவையிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் மூன்று பகுதிகளைத் தாண்டிப் போகாதீர்கள். பழக்கும் முறை சரியாக இருந்தும் பறவை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

## பயமா, நோயா?

கிளிகள் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம். உடம்பு சரியில்லாததை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். நேற்றுவரை கையைக் கண்டு பறந்தது இன்று சோர்ந்து உட்கார்ந்து தொடவிடுகிறது என்றால், பழகிவிட்டது என்று மகிழ வேண்டாம். உப்பிய இறகு, பகலிலும் மூடிய கண், ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடும் வால், கூண்டின் தரையில் உட்காருவது, எச்சத்தின் நிறமோ அளவோ மாறுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய தராசு வாங்கி வைத்தால் நல்லது. வளர்ந்த பட்ஜி பொதுவாக 30 முதல் 40 கிராம், காக்டெயில் 80 முதல் 110 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னும் பழகாத பறவையைத் தராசில் ஏற்ற முடியாது. அதுவரை கூண்டுத் தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, தினமும் எச்சத்தை முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டினி போட்டுப் பழக்கும் முறையை இங்கேயே ஒதுக்கிவிடுவோம். சிறிய பறவையின் உடம்பில் இருப்பு குறைவு. ஒரு முழு நாள் சாப்பிடாமல் போனால் பட்ஜியின் உயிருக்கே ஆபத்து. கிண்ணத்தில் அன்றாடத் தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

## கூண்டும் இடமும்

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்திருந்தால் பறவை எந்நேரமும் முதுகைக் காத்துக்கொண்டிருக்கும். உங்களைக் கவனிக்க அதற்கு மனமிருக்காது. மேல் குச்சி உங்கள் நெஞ்சு உயரத்துக்கும் கண் உயரத்துக்கும் இடையில் இருக்கட்டும். தரையில் வைத்த கூண்டுக்கு நீங்கள் எப்போதும் மேலிருந்துதான் வருவீர்கள். பருந்தும் மேலிருந்துதான் வரும்.

கதவைத் திறந்ததும் முகத்துக்கு நேரே கூண்டு நிற்கும்படி வைக்காதீர்கள். சமையலறையிலும் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அதிகமாகச் சூடேறும்போது வெளிவரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

உயரத்தைவிட அகலம் முக்கியம். கிளி பக்கவாட்டில்தான் பறக்கும், பின்வாங்குவதும் பக்கவாட்டில்தான். பட்ஜிக்குக் கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தலை சிக்கிக்கொள்ளும். பின்பக்க மேல் மூலையில் ஒரு குச்சியைப் பறவையின் தனி இடமாக விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும்போது கை அதை நோக்கிப் போகாது என்பது உறுதியான விதியாக இருக்க வேண்டும். கண்ணாடியை எடுத்துவிடுங்கள், தன் உருவத்தோடு ஜோடி சேர்ந்துவிட்ட பட்ஜிக்கு உங்கள் தேவை குறைவு. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தூக்கம் கெட்ட பறவை எல்லாவற்றுக்கும் பதறும், எளிதில் கடிக்கும்.

புதிதாக வந்த பறவையை முதல் வாரம் பழக்க முயலாதீர்கள். தீவனம், தண்ணீர், மெல்லிய பேச்சு, அவ்வளவே.

பழக்குவதற்காக இறக்கையை வெட்டுவது பரவலான வழக்கம். ஆனால் அது பயத்தைக் குறைப்பதில்லை. தப்பிக்கும் வழியைத்தான் அடைக்கிறது. பறந்து விலக முடியாத பறவைக்குக் கடிப்பது ஒன்றே மிச்சம். விழுந்து அடிபட்டால் பயம் இன்னும் கூடும்.

## பதற்ற எல்லை

நீங்கள் நெருங்க நெருங்க, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பறவையின் உடம்பு மாறும். இறகுகள் உடம்போடு ஒட்டி, உடல் மெலிந்து நீண்டதுபோல் தெரியும். அலகால் இறகு கோதிக்கொண்டிருந்தது நிறுத்திவிடும். காக்டெயிலின் கொண்டை விறைத்து நிற்கும். அந்தத் தூரம்தான் பதற்ற எல்லை. கீழே வரும் எல்லாத் தீர்வுகளும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன: எல்லைக்குச் சற்று முன்பே நில்லுங்கள், பறவை தளரும்வரை காத்திருங்கள், தளர்ந்ததும் நீங்கள் பின்வாங்குங்கள்.

பயந்த பறவைக்கு முதல் பரிசு தினைக் கதிர் அல்ல, நீங்கள் விலகிப் போவதுதான். ஆனால் அது அமைதியாக இருக்கும்போது விலக வேண்டும். தவறி எல்லையைத் தாண்டிவிட்டால், பறவை படபடக்கும் நேரத்தில் சட்டென்று ஓடாதீர்கள். அசையாமல் முகத்தைத் திருப்பி, அது குச்சியில் உட்கார்ந்த பிறகு மெதுவாக விலகுங்கள்.

தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள்: உடம்பைச் சிலிர்த்து ஒருமுறை உதறுவது, இறகு கோதுவது, ஒரு காலை மடக்கி நிற்பது, ஒரே பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டி நெளிவது, அலகை அரைப்பது, சாப்பிடத் தொடங்குவது.

## அறைக்குள் நுழைந்தாலே கூண்டில் மோதிப் பறக்கிறது

இங்கே சிக்கல் கையில் இல்லை, நீங்கள் வரும் விதத்தில். உள்ளே வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லையோ ஒரே சீழ்க்கையையோ கொடுங்கள். நேராக நடந்து வராமல் சற்றுச் சாய்வாக வாருங்கள். இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கின் பார்வை. பக்கவாட்டில் பாருங்கள், நிதானமாகக் கண் சிமிட்டுங்கள்.

எல்லைக்கு வெளியே, தேவையானால் 3 மீட்டர் தள்ளி, ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். 10, 15 நிமிடம் புத்தகத்தைத் தாழ்ந்த குரலில் படிக்கலாம். நாளுக்கு இரண்டு முறை போதும். உங்கள் முன்னிலையில் பறவை சாப்பிடவோ கோதவோ தொடங்கினால் அடுத்த முறை நாற்காலியை 30 செ.மீ. நெருக்கமாகப் போடுங்கள். மோதிப் பறந்தால் அதைப்போல இரண்டு மடங்கு பின்னால். சில பறவைகளுக்கு இது மூன்று நாள் வேலை, சிலவற்றுக்கு ஒன்றரை மாதம்.

முன்னேற்றமே இல்லையென்றால் அறையைத் தேடுங்கள். பெரிய தொப்பி, கையுறை, புது மூக்குக்கண்ணாடி, தலைக்கு மேல் தூக்கிப் போகும் துடைப்பம், கூண்டின் மேல் விழும் நிழல், வெளியே ஜன்னலோரம் வரும் பூனை என்று எதுவாகவும் இருக்கலாம். கூண்டின் பாதியை மெல்லிய துணியால் மூடி ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். ஒளிய இடமுள்ள பறவைதான் வெளியே எட்டிப் பார்க்கும். வாரத்துக்கு ஒரு கையளவாகத் துணியைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

## அசையாமல் நிற்கிறது, தொட்டாலும் ஓடவில்லை

இதைத்தான் பலரும் பழகிவிட்டதாக எண்ணி ஏமாறுகிறார்கள். கையில் இறுக்கிப் பிடித்து, அடங்கும்வரை வைத்திருந்து பழக்கும் முறையின் விளைவு இது. பறவை அமைதியாகவில்லை, தப்பிக்க முடியாது என்று கைவிட்டுவிட்டது. அடக்கிய பயம் பின்னால் கடியாகவோ, இறகைப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கமாகவோ வெளிவரக்கூடும்.

சோதனை எளிது. அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தை அலகுக்குப் பக்கத்தில் நீட்டுங்கள். அமைதியான பறவை எடுக்கும், அல்லது வேண்டாம் என்று தலையைத் திருப்பும். உறைந்த பறவை எதுவும் செய்யாது. விரிந்த கண், ஒட்டிய இறகு, குச்சியை இறுக்கிய விரல்கள் என்று அப்படியே நிற்கும். அப்படியானால் இரண்டு வாரம் தொடுவதை அடியோடு நிறுத்திவிட்டு, முந்தைய பகுதியில் சொன்ன நாற்காலிப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். இடையில் பறவை முன்பைவிட அதிகமாகப் பறந்து விலகத் தொடங்கலாம். அது பின்னடைவு அல்ல. விலக முடியும் என்று மீண்டும் நம்பத் தொடங்கியிருக்கிறது.

## ஆள் பக்கத்தில் இருந்தால் சாப்பிடுவதில்லை

முதலில் அதற்கு எது உயிர் என்று கண்டுபிடியுங்கள். காலையில் நான்கைந்து பொருளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் பெரும்பாலும் தினைக் கதிர். கான்யூருக்குச் சூரியகாந்தி விதையோ பழத்துண்டோ. விதை மட்டுமே தின்று வளர்ந்த பறவைக்குக் கீரையும் பழமும் உணவென்றே தெரியாது. அவற்றைப் பரிசாகக் காட்டிப் பயனில்லை. அவகாடோ, சாக்லேட், காபி எந்த அளவிலும் கூடாது, நஞ்சு.

பிடித்தது எது என்று தெரிந்ததும் அதை அன்றாடக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது உங்களோடு மட்டுமே வரும். முதல் சில நாள் கிண்ணத்தில் போட்டுவிட்டு அறையைவிட்டே போய்விடுங்கள். பிறகு வாசலில் நில்லுங்கள், பிறகு இரண்டு மீட்டரில், பிறகு நாற்காலியில். பட்ஜிக்கு நாளொன்றுக்கு விரல் நீளக் கதிர் போதும். அதற்கு மேல் போனால் கொழுப்பேறும், பசியும் ஆர்வமும் குறையும். காலையில் புதுத் தீவனம் வைப்பதற்குச் சற்று முன்பு செய்யும் பயிற்சி நன்றாகப் பிடிக்கும்.

## கை உள்ளே போனால் பதறுகிறது

அதிகமான பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. வரிசையைத் தாண்டாமல் போங்கள். ஒவ்வொரு படியிலும் பறவை மூன்று முறை தயங்காமல் வந்த பிறகே அடுத்தது.

1. கையைக் கூண்டுக்கு வெளியே, கீழ்ப்பகுதியில், பறவையின் கால் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அசைக்காமல் இரண்டு மூன்று நிமிடம்.
2. கதிரைக் கம்பியில் செருகி, கை அதற்கு 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பறவை தின்னட்டும்.
3. 15 செ.மீ. நீளமுள்ள முழுக்கதிரை அடிநுனியில் பிடித்துக் கம்பி வழியாக நீட்டுங்கள்.
4. கூண்டுக் கதவைத் திறந்து, கை வாசலில் நிற்க, கதிர் மட்டும் உள்ளே போகட்டும்.
5. கை உள்ளே. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல, நகர்வதே தெரியாத வேகத்தில். பறவையின் தலைக்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள்.
6. கதிரை ஒவ்வொரு முறையும் 2 செ.மீ. உள்ளே தள்ளிப் பிடித்துக் குட்டையாக்குங்கள், அலகு விரலுக்குப் பக்கத்தில் வரும்வரை.
7. கடைசியில் உள்ளங்கையில் விதைகள்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பறவை இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். தூக்கிப் பிடித்த கை ஒரு நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும், அந்த நடுக்கமே பறவையை விரட்டும். முழங்கையைக் கூண்டு வாசலிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.

எங்கே கெடுகிறது? பறவை கழுத்தை மட்டும் நீட்டி, கால்களைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஒரு விதையைப் பறித்தால் அதற்கு இன்னும் இரண்டு மனம். அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனால் மறுநாள் முதல் படிக்கே வர வேண்டியிருக்கும். கால்களும் சேர்ந்து முன்னால் வரும்வரை பொறுங்கள். இன்னொன்று, விலகும் பறவையின் பின்னால் கை போவது. ஓரடி பின்தொடர்ந்தாலும் அது துரத்தல்தான். மூன்றாவது, கதிர் கொடுத்த அதே கை அதே வாசல் வழியாகப் போய்த் தட்டை இழுத்து, குச்சியைக் கழற்றி, கூண்டைக் குலுக்குவது. சுத்தம் செய்வதைப் பயிற்சியிலிருந்து நேரத்தாலும் வாசலாலும் பிரித்துவிடுங்கள்.

கையுறை வேண்டாம். தடித்த பெரிய கையைக் கண்டு பயம் கூடும். கையுறைக்குப் பழகினாலும் வெறுங்கைக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து பழக்க வேண்டும்.

## கதிரைத் தின்கிறது, விரலில் மட்டும் ஏறுவதில்லை

வயிற்றில் விரலை அழுத்தினால் ஏறும் என்று சொல்வார்கள். ஏறும்தான், நிலை தடுமாறுவதால் ஏறும். ஏறச் சம்மதித்து ஏறவில்லை. வெகுசீக்கிரத்தில் அந்த விரல் வருவதைக் கண்டாலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

மாற்று வழி இலக்குக் குச்சி. வழவழப்பான, பென்சில் நீளக் குச்சி ஒன்று போதும். அதன் நுனியைப் பறவைக்கு 5 செ.மீ. முன்னால் காட்டுங்கள். அலகால் தொட்ட அந்தக் கணத்தில் 'சரி' என்று ஒரே தொனியில் சொல்லி, இரண்டு நொடிக்குள் ஒரு விதை கொடுங்கள். கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' என்று சத்தமிடும் சிறு பயிற்சிக் கருவி) வைத்திருப்பவர்கள் அதைத் துணியில் சுற்றியோ சட்டைப்பைக்குள் வைத்தோ அழுத்துங்கள். பயந்த பறவைக்கு அந்தச் சத்தமே அதிர்ச்சி. குச்சியைத் தொட்டால் விதை வரும் என்று புரிந்துவிட்டால், பறவையை எங்கே வேண்டுமானாலும் அதன் விருப்பத்தோடே நடத்திச் செல்லலாம்.

இனி விரல். உட்காரும் குச்சியை ஒட்டி, அதே உயரத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ, கிடையாக, ஆடாமல் வையுங்கள். இலக்குக் குச்சியை விரலுக்கு அப்பால் காட்டுங்கள். விரலைத் தாண்டி எட்டியது, விதை. ஒரு காலை விரலில் வைத்தது, விதை. ஒரு காலோடு பல நாள் நிற்கும் பறவைகள் உண்டு, தள்ளாதீர்கள். இரண்டு காலும் ஏறிய முதல் முறை மூன்றாவது நொடியிலேயே திரும்பக் குச்சிக்கு இறங்கவிடுங்கள். ஏறியதும் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அடுத்த முறை ஏறாததற்கும் அதுவே காரணம்.

விரலையே ஏற்காத பறவைக்கு இடையில் கைக்குச்சி வையுங்கள். பட்ஜிக்கு 12 மி.மீ., காக்டெயிலுக்கு 15 முதல் 20 மி.மீ. தடிப்புள்ள மரக்குச்சி, ஒரு முழ நீளம். அதில் ஏறப் பழக்கிவிட்டு, பிடிக்கும் இடத்தை நாளுக்கு இரண்டு விரற்கடை பறவையை நோக்கி நகர்த்துங்கள். ஒரு கட்டத்தில் அது குச்சிக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்ப்பதை விட்டுவிடும்.

ஏறும் முன் பறவை அலகால் விரலைத் தொட்டுப் பார்க்கும். அது கடி அல்ல. கிளை தாங்குமா என்று சோதிப்பது. அந்த நேரத்தில் விரலை உதறி எடுத்தால் 'இந்தக் கிளை தாங்காது' என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

## கடிக்கிறது

'வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் இருங்கள், கடித்துப் பயனில்லை என்று கற்றுக்கொள்ளும்' என்ற அறிவுரை எங்கும் உண்டு. அரைகுறை உண்மை. கடித்ததும் கை போய்விட்டால் கடி வேலை செய்கிறது என்று பறவை கற்கும் என்பது சரி. ஆனால் கடி என்பது அது சொன்ன கடைசி வார்த்தை. அதற்கு முன் சொன்ன மூன்று நான்கை நாம் கேட்கவில்லை: உடம்பைப் பின்னால் சாய்த்தது, இறகை ஒட்டியது, கருவிழி சுருங்கி விரிந்தது, காக்டெயில் என்றால் கொண்டையைத் தலையோடு படிய வைத்துச் சீறியது, அலகைத் திறந்து காட்டியது. இவற்றில் முதலாவதிலேயே கை நின்றால் கடிக்கு வேலையே இல்லை. மெல்லச் சொன்னாலே கேட்கிறார்கள் என்று தெரிந்த பறவை கத்திச் சொல்லாது.

கடித்தேவிட்டால் கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், தண்டனையாகக் கூண்டை மூடாதீர்கள். சில பறவைகளுக்கு உங்கள் அலறல் வேடிக்கை. கையை மெதுவாக மேசைக்கோ குச்சிக்கோ தாழ்த்தி இறங்கவிட்டு, ஐந்து நிமிடம் விலகி இருங்கள். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிறகு கடிக்கு முந்தைய பத்து நொடியில் நடந்ததை எழுதிவையுங்கள்: எங்கே, எந்தக் கை, என்ன கேட்டீர்கள். நான்கைந்து கடி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரியும்.

கூண்டுக்குள் மட்டும் கடித்தால் அது இடத்தைக் காப்பது. வாசலில் ஒரு குச்சி பொருத்தி, அது தானாக அங்கே வந்த பிறகு பயிற்சி கொடுங்கள். சில வாரங்களாக மட்டும், அதுவும் இருண்ட மூலை தேடித் தாளைக் கிழித்துக்கொண்டே கடித்தால் அது இனப்பெருக்கக் காலத்து மாற்றம். பெட்டி, துணிக்கூடாரம் போன்ற கூடுபோன்ற இடங்களை எடுத்துவிடுங்கள், இருட்டு நேரத்தை 12 மணி நேரமாக நீட்டுங்கள், முதுகையும் இறக்கைக்குக் கீழேயும் தடவாதீர்கள். தலையும் கழுத்தும் மட்டும் தொடலாம். முதுகைத் தடவுவது கிளிக்கு ஜோடியின் அழைப்பு.

## வெளியே வராது. வந்தால் உள்ளே போகாது

திறக்கும் முன் ஜன்னலுக்குத் திரை, கண்ணாடிக்கு மூடி, மின்விசிறி நிறுத்தம், தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மூடி, மற்ற வளர்ப்பு விலங்குகள் வெளியே. கதவை விரியத் திறந்து, வாசலில் கதிரைச் செருகிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுங்கள். முதல் நாள் எட்டிக்கூடப் பார்க்காது. கையால் எடுத்து வெளியே விட்டால் பறக்கும்தான், திரைச்சீலையின் உச்சிக்கு. நெடுநாள் கூண்டிலேயே இருந்த பறவைக்கு இறங்கத் தெரியாது, தசையும் இருக்காது. சில மீட்டர் பறந்தாலே மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தணியவில்லை என்றால் அன்றைக்குப் போதும்.

உள்ளே போக மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: உள்ளே போனால் வெளி முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஒரே நேரத்தில் நான்கு முறை இலக்குக் குச்சியால் உள்ளே அழைத்து, விதை கொடுத்து, கதவை மூடாமல் மறுபடி வெளியே விடுங்கள். ஐந்தாவது முறை மூடுங்கள். நாளின் பெரிய உணவு கூண்டுக்குள், பயிற்சி முடிந்த பிறகு என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை தானாக நடக்கும். உச்சியில் உட்கார்ந்து இறங்க மறுத்தால் துண்டை வீசி விரட்டாதீர்கள். அறை விளக்கைக் குறைத்து, கூண்டுப் பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டுக் காத்திருங்கள்.

## நள்ளிரவில் கூண்டுக்குள் அடித்துக்கொள்கிறது

காக்டெயில்களுக்கு இது அடிக்கடி வரும். இருட்டில் சிறு சத்தமோ அதிர்வோ வெளிச்சமோ பட்டு, பார்வை தெரியாமல் கம்பிகளில் மோதும். விளக்கைப் போட்டுப் பேசுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். அமைதியானதும் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் இறகு முறிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, நிற்கவில்லையென்றால் உடனே மருத்துவரிடம். இனி வராமல் இருக்கச் சிறு இரவு விளக்கு ஒன்று போடுங்கள்; ஊஞ்சல், தொங்கும் பொம்மைகளை இரவில் எடுத்துவிடுங்கள். மறுநாள் பயிற்சி வேண்டாம்.

## நன்றாகப் பழகியது திடீரென விலகுகிறது

முதலில் மேலே சொன்ன நோய் அறிகுறிகள். அடுத்து இறகு உதிரும் பருவம்: குருத்திறகுகள் முளைக்கும்போது தொட்டாலே வலிக்கும், பறவை சிடுசிடுக்கும். சில வாரம் தொடாமல் கதிரோடு மட்டும் உறவு வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சிலிருந்து கையால் ஊட்டி வளர்த்தவை வளரும் பருவத்தில் எல்லையைச் சோதிப்பதும் வழக்கம். இவை எதுவும் இல்லையென்றால் சமீபத்தில் துண்டில் பிடித்தார்களா, நகம் வெட்டினார்களா, விழுந்ததா, விருந்தினர் யாராவது துரத்தினார்களா என்று விசாரியுங்கள். இரண்டு படி கீழே இறங்கித் தொடங்கினால், முதல்முறை எடுத்த நேரத்தில் ஒரு பகுதியிலேயே திரும்பி வரும்.

ஒருவரிடம் மட்டும் வந்து மற்றவரைக் கண்டு ஓடினால், மிகப் பிடித்த தின்பண்டத்தை அந்த மற்றவர் மட்டும் கொடுக்கட்டும். அந்த நேரத்தில் செல்லமானவர் அறையில் இருக்கக் கூடாது.

## இரண்டு இருக்கின்றன, இரண்டும் வரவில்லை

பழக்க வேண்டும் என்பதற்காக ஜோடியைப் பிரிக்காதீர்கள். தனியாக்கப்பட்ட பறவை உங்களிடம் வருவது நம்பிக்கையால் அல்ல, தனிமையால். இரண்டில் துணிச்சலானது எது என்று பார்த்து அதனோடு தொடங்குங்கள். அது கையில் தின்பதை மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். பல நேரம் தானே முன்வரும். நாள் கூடும், அவ்வளவே. பயத்தைப் போக்கத் துணைப் பறவை வாங்க நினைத்தால், புதியதைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்து நோய் இல்லையென்று உறுதி செய்த பிறகே சேருங்கள்.

## மருந்து கொடுக்கப் பிடித்தே ஆக வேண்டும்

இங்கே மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சடைத்துச் சாகும். மெல்லிய துண்டை எடுத்து, பறவை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு விளக்கை அணையுங்கள். இருட்டில் அது பெரும்பாலும் பறக்காது. பின்னாலிருந்து மூடி, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இரு பக்கமும் வரும்படி தலையைப் பிடியுங்கள். முதுகு உள்ளங்கையில் படியட்டும், நெஞ்சு விடுபட்டிருக்கட்டும். ஓரிரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேலை பாதியில் நின்றாலும் விட்டுவிடுங்கள்.

முடிந்தால் பிடிப்பவர் வேறொருவராகவும், பிடிக்கும் இடம் பயிற்சி நடக்காத அறையாகவும் இருக்கட்டும். முடிந்ததும் கொஞ்சவோ சமாதானப்படுத்தவோ முயலாமல் கூண்டில் விட்டு, கிண்ணத்தில் கதிரைப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். தினமும் பல நாள் கொடுக்க வேண்டிய மருந்து என்றால், மருத்துவரிடம் கேட்டுத் தீவனத்திலோ பழச்சாற்றிலோ கலந்து ஊசியில்லா சிரிஞ்ச் நுனியில் நக்க வைக்க முடியுமா என்று பாருங்கள். நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே வெறும் சிரிஞ்சில் ஒரு துளி பழச்சாறு கொடுத்துப் பழக்கிவைத்தால் அந்த நாளில் துண்டே தேவைப்படாமல் போகலாம்.